பலகை துடைத்த கை

பள்ளிக்கூட வாசலில் மாட்டியிருக்கும் விரல்ரேகை இயந்திரத்துக்குச் சரசுவை அடையாளம் தெரியாது. தினமும் காலை ஏழே முக்காலுக்கு அவள் ஆள்காட்டி விரலை வைப்பாள். சிவப்பு விளக்கு எரியும். கட்டைவிரலை வைப்பாள், அதற்கும் சிவப்புதான். புடவைத் தலைப்பில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைத்தாலும் அது மசியாது. செக்யூரிட்டி மஞ்சுநாத் சலித்துக்கொள்ளாமல் நோட்டை எடுத்து அவள் பேரை எழுதிக்கொள்வார்.

"உங்க வெரல்ல கோடே இல்லக்கா. எல்லாம் தேஞ்சி போச்சி" என்று முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் பினாயிலிலும் பிளீச்சிங் பவுடரிலும் சாக்பீஸ் தூளிலும் ஊறின விரல். அதில் கோடு இருந்தால்தான் ஆச்சரியம். சரசு அதற்காக வெட்கப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. மார்ச் மாதக் கடைசியிலிருந்து அவளுக்கு எதற்குமே வருத்தம் வருவதில்லை. சந்தோஷமும் அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் தாடையைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடையதோ போல் இருக்குமே, அவளுக்கு அவளே அப்படி இருந்தாள்.

மார்ச் கடைசியில் நடந்தது இதுதான். அந்தப் பள்ளியில் பன்னிரண்டு ஆயம்மாக்கள் இருந்தார்கள். கூட்டுவது, கழுவுவது, சின்னக் குழந்தைகளைக் கால் கழுவிவிட்டு அழைத்து வருவது எல்லாம் அவர்கள் பாடு. சரசுவும் அவர்களில் ஒருத்தி. நிர்வாகம் அந்த வேலை முழுவதையும் ஒரு ஏஜென்சியிடம் தூக்கிக் கொடுத்தது. நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை ஏஜென்சி எடுக்காது. பன்னிரண்டு பேருமே அதைத் தாண்டியவர்கள்தான். பதினோரு பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். பன்னிரண்டாவது ஆளான சரசுவை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

காரணம் ஒரு காகிதம். ஐம்பத்தொரு வயதில், தபால் வழியில் படித்து அவள் வாங்கியிருந்த நூலகச் சான்றிதழ். பள்ளியில் லைப்ரரியன் இல்லாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தது. வெளியிலிருந்து ஆள் எடுத்தால் சம்பளம் எகிறும். அதனால் 'பயிற்சி நூலகர்' என்று ஒரு அட்டையைச் சரசுவின் கழுத்தில் மாட்டி, பள்ளி மலரில் அவள் போட்டோவையும் போட்டு, தங்கள் பெருந்தன்மையைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை, புதிதாக வாங்கிய ஸ்மார்ட் போர்டில் அவள் ஒரு முழு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் முப்பத்தொன்றாம் தேதியோடு சரி. திரும்பவும் துடைப்பத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கவும் வழியில்லை, அந்த வேலையே பள்ளியில் இல்லாமல் போயிருந்தது.

போன பதினோரு பேரில் அல்போன்சாவும் ஒருத்தி. பெங்களூரின் காக்ஸ் டவுனிலிருந்து பஸ் பிடித்து வருவாள். இருபது வருஷமாக மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சரசுவோடு ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவள். சாயங்காலம் பள்ளி விட்டதும் பதினாலு வகுப்பறைப் பலகைகளையும் இருவரும் ஆளுக்கு ஏழாகப் பிரித்துக்கொண்டு துடைப்பார்கள். அல்போன்சா பலகையைப் பார்க்கவே மாட்டாள். சர் சர்ரென்று நாலு இழுப்பு, வேலை முடிந்தது. சரசு படித்துவிட்டுத் துடைப்பாள். இடது மேல் மூலையில் ஆரம்பித்து, கண் முன்னே போகும், ஈரத்துணி பின்னாலேயே வரும். நீர்ச் சுழற்சி, அக்பர் ஆட்சி, பின்னக் கணக்கு, ஆங்கில இலக்கணம் எல்லாம் அப்படித்தான் அவளுக்குள் போயின. எட்டாவதோடு நின்றவள் முப்பத்தாறு வயதில் பத்தாவது எழுதினாள். பிறகு பியூசி. பிறகு அந்தச் சான்றிதழ்.

"இன்னாடி பண்ற அங்க? படிச்சி கலெக்டராவப் போறியா? பஸ்ஸு பூடும்டி, வா" என்று அல்போன்சா வராந்தாவில் நின்று கத்துவாள். ஒரு அறைக்கு இரண்டு நிமிஷம்தான் கூடுதல். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் ஒருத்தி உள்ளே நின்றாள், ஒருத்தி வெளியே போனாள்.

கடைசி நாளன்று அல்போன்சா ஒரு பிளாஸ்டிக் பையோடு கேட்டருகே நின்றிருந்தாள். சரசு கேட்டுக்கு உட்புறம், கழுத்தில் புது அட்டையோடு. அல்போன்சா அட்டையைப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், குறைந்தபட்சம் காறித் துப்புவாள் என்று சரசு காத்திருந்தாள். அல்போன்சா பைக்குள் கைவிட்டு ஒரு எவர்சில்வர் மூடியை எடுத்து நீட்டினாள்.

"உன் டப்பா மூடி. என்னுதோட கலந்து வந்துட்சி."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சரசு இரண்டு தடவை போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை செய்யச் சரசுவுக்குக் கை வரவில்லை.

மே மாதம் பயிற்சி நடந்தது. லைப்ரரி ஹாலில் ஆறடி அகலத்துக்கு ஸ்மார்ட் போர்டை மாட்டியிருந்தார்கள். போர்டு விற்ற கம்பெனியிலிருந்து ஃபிராங்க்ளின் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, கணீரென்ற குரல். யார் எதைத் தொட்டாலும் "சூப்பர்!" என்பார், தொடாவிட்டாலும் என்பார். எல்லாரையும் மேம் என்று கூப்பிடுவார். முதல் நாள் "சொல்லுங்க மேம்" என்று சரசுவைப் பார்த்துக் கேட்டதும், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர் இருந்தது.

ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். சரசுவின் விரலை அது சட்டை செய்யவே இல்லை. அழுத்தினாள், தட்டினாள், தேய்த்தாள். பக்கத்தில் இரண்டு டீச்சர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஃபிராங்க்ளின் தன் பையிலிருந்து ரப்பர் முனை வைத்த பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "வெரல் காஞ்சிருந்தா அப்படித்தான் மேம். எங்கம்மாவுக்கும் இதே ப்ராப்ளம்."

பேனா வந்தபின் அவள் கற்றுக்கொண்டாள். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வயதான பொம்பளையும் புது மிஷினும் என்றதுமே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. புத்தகத்தின் முதுகில் பார்கோடு ஒட்டுவது, ஸ்கேன் செய்வது, எந்த அலமாரி எந்தத் தட்டு என்று போர்டில் வரவழைப்பது, பக்கம் திறப்பது, எழுதுவது, படம் இழுத்துப் போடுவது எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எண் போட்டு எழுதி வைத்துக்கொண்டாள். பக்கத்தை சேவ் செய்து, பெற்றோர்களின் ஆப்புக்கு ஷேர் செய்ய எட்டுப் படிகள். டீச்சர்களில் பாதிப் பேர் ஐந்தாவது படியில் தொலைந்து போனார்கள். சரசு தொலையவில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் வரவில்லை.

பயிற்சிக்குப் பொறுப்பு சுப்ரியா மிஸ். எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர், முப்பத்தெட்டு வயது, சுறுசுறுப்பு. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஆயம்மாக்கள் எல்லாருக்கும் தன் கைக்காசில் புடவை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் மற்றவர்களை ஷில்பா மேம், சோனியா மேம் என்று கூப்பிடும் அவர் வாய், சரசுவிடம் வரும்போது வெறும் சரசு என்றே நின்றுவிடும்.

நாலாம் நாள் மதியம் போர்டில் யாரோ எண்ணெய்க் கையை வைத்துவிட்டார்கள். ஏஜென்சி ஆட்கள் போர்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு. சுப்ரியா சுற்றுமுற்றும் பார்த்தார். "சரசு, போர்ட கொஞ்சம் தொடச்சி விட்ருங்களேன்."

சரசு எழுந்து போய்த் துணியை எடுத்துத் துடைத்தாள். துணியோடு உள்ளங்கை பட்ட இடமெல்லாம் எழுத்து மறைந்தது. சுப்ரியா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தயார் செய்திருந்த பாடம் நாலு இழுப்பில் காணாமல் போயிற்று.

"ஐயையோ!" என்றார் சுப்ரியா.

ஃபிராங்க்ளின் விழுந்து விழுந்து சிரித்தார். "இது ஒரு ஃபீச்சர் மேம்! உள்ளங்கைய வெச்சா அதுவே டஸ்டர்!" கீழே இருந்த ஒரு அம்புக்குறியைத் தொட்டு எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தார். "போர்ட ஆஃப் பண்ணாத வரைக்கும் பயமில்ல. ஆஃப் பண்ணிட்டா மட்டும் ஆண்டவனே வந்தாலும் ஆவாது."

சுப்ரியா பக்கத்திலிருந்த ஷில்பாவிடம் கன்னடத்தில் முணுமுணுத்தார். "அவள அப்யாச எல்லி ஹோகத்தே?" அவள் பழக்கம் எங்கே போகும் என்று அர்த்தம். பெங்களூரில் பிறந்து வளர்ந்த சரசுவுக்கு அது காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. வாசல் மிஷினுக்கு அவள் விரலைத் தெரியவில்லை, டேப்லெட்டுக்கும் தெரியவில்லை, இந்தப் போர்டு மட்டும் அவள் உள்ளங்கையை உடனே தெரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். துணியை மடித்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

தொம்மலூரில் பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்களின் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் வீடு. கணவன் முனியப்பன் வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வேன் ஓட்டுகிறான். சாயங்காலம் அவன் வரும்போது பீரோக் கண்ணாடி முன்னால் சரசு நின்றிருப்பாள். ஒரு கையில் நோட்டு, மறுகையின் விரலால் கண்ணாடியில் எழுதிப் பழகுவாள்.

"இன்னாமே, கண்ணாடில கோலம் போட்டுகினு கீற?"

"சேவ் பண்றது, ஷேர் பண்றது. எட்டு ஸ்டெப்பு கீது. ஒண்ணு உட்டாலும் ஃபைலு போவாது. ஃபைலு இல்லன்னா க்ளாஸே நடக்கலன்னு எழுதிடுவாங்களாம்."

முனியப்பன் சட்டையைக் கழற்றி, புத்தர் படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். "பயமா கீதா?"

யோசித்துப் பார்த்தாள். "இல்ல. ஒண்ணுமே இல்ல."

"அதான் எனக்கு பேஜாரா கீது" என்றான் அவன். "பயந்தா கூட பரவால்ல. நாலு மாசமா எங்கிட்ட ஒரு சண்ட கூட போடல நீ. நேத்து சாம்பார்ல உப்பே இல்லன்னு வேணும்னே சொன்னேன். சரின்னு தலய ஆட்டிட்டு பூட்ட."

சரசு இதற்கும் சரி என்றுதான் சொன்னாள். கண்ணாடியில் விழுந்திருந்த விரல் தடங்களைத் தலைப்பால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. லைப்ரரி ஹாலில் பின்வரிசை நாற்காலிகளில் மூன்று பேர். பிரின்சிபால் ஜகதாம்பாள், ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கி உள்ளவர். மதிப்பெண் படிவத்தோடு சுப்ரியா. கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்த ஃபிராங்க்ளின். முன்னால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் முப்பத்தொரு பேர்.

வகுப்பு நன்றாகவே போனது. அவளே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக. கடைசியாகப் படித்த புத்தகத்தின் பேரையும், அதில் மனசில் நின்ற ஒரே ஒரு விஷயத்தையும் ஒவ்வொருவராக வந்து போர்டில் எழுதுங்கள் என்றாள். எந்தக் கலரில் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னதும் முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் பேய்க்கதை என்று எழுதிப் பக்கத்தில் பேயையும் போட்டான். யாரோடும் பேசாத ரக்ஷா என்ற பெண் வெகு நேரம் போர்டைப் பார்த்தபடி நின்று, சின்னச் சின்ன எழுத்தில் இரண்டு வாக்கியம் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். பிறகு சரசு அந்தப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தேடி, எந்த அலமாரி எந்தத் தட்டு என்று போர்டில் வரவழைக்க, குழந்தைகள் ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். ஹாலே இரைச்சலாக இருந்தது. ஜகதாம்பாள் சிரித்தார். சுப்ரியா கூட ஏதோ ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். படிவத்தில் ஏழு வரிகள். ஆறுக்கு டிக் விழுந்துவிட்டது. ஏழாவது, சேவ் செய்து ஷேர் செய்வது.

மணி அடித்தது.

குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். வாசலில் அடுத்த பீரியடுக்கு எட்டாம் வகுப்பு வந்து நின்றது. அடுத்த வகுப்பு காத்திருக்கிறது, பலகை அழுக்காக இருக்கிறது. சரசு யோசிக்கவில்லை, யோசிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இடது மேல் மூலையில் உள்ளங்கையை வைத்து இழுத்தாள். ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. முப்பத்தொரு பேர் எழுதியதையும் மேலிருந்து கீழாகப் பளிச்சென்று துடைத்தாள். பிறகு மின்விசிறியை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். போர்டின் ஸ்விட்சையும் அணைத்தாள். அறையை விட்டுப் போகும்போது ஆயம்மா செய்ய வேண்டியதை, செய்ய வேண்டிய வரிசையில் செய்து முடித்து, வாசல் வரைக்கும் வந்துவிட்டாள்.

ஃபிராங்க்ளின் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டார். போர்டு மெதுவாக விழித்தது. வெறும் வெள்ளை. அம்புக்குறியை நாலைந்து தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தொங்கப்போட்டார். இப்போது சூப்பர் என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

"சேவ் பண்ணலையா சரசு?" என்றார் சுப்ரியா.

"இல்ல மிஸ்."

"ஏன் தொடச்சீங்க?"

"பெல் அடிச்சிது மிஸ்."

ஜகதாம்பாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "நன்னாத்தான் எடுத்தே சரசு. நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா ஃபைல் இல்லாம எதைக் காட்டிக் கையெழுத்துப் போடறது? மேனேஜ்மென்ட்ல கேப்பாளே."

"இன்னொரு தடவ எடுக்கச் சொல்லலாமே மேம்" என்றார் ஃபிராங்க்ளின்.

"ஒருத்தருக்கு ஒரு டெமோதான். ரூல்ஸ்ல இருக்கு. இன்னிக்கி மூணு மணிக்குள்ள அப்லோட் ஆகணும்" என்றார் சுப்ரியா. குரலில் வருத்தம் இருந்தது. நிஜமான வருத்தம்தான்.

சரசு போர்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை போயிற்று என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இப்படித்தான் மரத்துப் போயிருக்க வேண்டுமா ஒருத்தி, இதற்காவது கொஞ்சம் அழக்கூடாதா என்று வெளியிலிருந்து யாரோ கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் அந்த வெள்ளையின் மேல் முதல் வரி தெரிந்தது. அது போர்டில் இல்லை, அவள் கண்ணுக்குள் இருந்தது. பச்சைக் கலர், சாய்ந்த எழுத்து, பேய்க்கதை. அதற்குக் கீழே இரண்டாவது வரி. கை துடைத்துக்கொண்டு வந்தபோது கண் எப்போதும்போல் முன்னாலேயே போயிருந்தது.

"நான் எழுதிடறேன் மிஸ்" என்றாள்.

"எத?"

"போர்டுல இருந்தத."

சுப்ரியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரசு அதற்குள் நோட்டில் இருக்கும் முதல் மூன்று படிகளைச் செய்து பக்கத்தைத் திறந்துவிட்டாள். பேனாவை எடுத்து இடது மேல் மூலையில் ஆரம்பித்தாள். பேய்க்கதை. பக்கத்தில் பேய், அதன் கோணல் பல்லோடு. அடுத்தது, விண்வெளி வீரர்கள் மிதந்துகொண்டே தூங்குவார்கள். அடுத்தது, திமிங்கிலத்துக்குத் தொப்புள் உண்டு. எந்தக் குழந்தை எந்த இடத்தில் எந்தக் கலரில் எழுதியதோ அந்த இடத்தில் அந்தக் கலரில், யார் எந்த எழுத்தைப் பிழையாக எழுதினார்களோ அந்தப் பிழையோடு. இருபது நிமிஷம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சத்தம் போடாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அவளுக்குச் சிரமமாகவே இல்லை. இருபத்திரண்டு வருஷம் செய்த வேலையைத் திருப்பிப் போட்டுச் செய்தாள், அவ்வளவுதான்.

இருபத்தொன்பதாவது வரியில் நிறுத்தினாள்.

"இதெல்லாம் குழந்தைங்க எழுதினதுதான்னு எப்படி..." என்று சுப்ரியா இழுத்தார்.

"அவாளையே கூப்பிட்டுக் கேட்டாப் போச்சு" என்றார் ஜகதாம்பாள்.

ஐந்தாம் வகுப்பு திரும்பி வந்தது. "இது என்னுது!" "ஐயே, என் ஸ்பெல்லிங் மிஸ்டேக்கு கூட இருக்குது!" "என் பேயி!" என்று போர்டை மொய்த்தார்கள். இரண்டு பையன்கள் மட்டும் தேடித் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் ரொம்பக் கீழ எழுதியிருந்தீங்க. நான் படிக்கறதுக்குள்ள தொடச்சிட்டேன்" என்றாள் சரசு. "இந்தா பேனா. இப்ப எழுதுங்க."

ரக்ஷா வரிசையின் கடைசியில் நின்று தன் வரியைப் பார்த்தாள். ஜகதாம்பாள் அதை வாய்விட்டுப் படித்தார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது இதுதான்: 'பாம்புகள் பற்றிய புத்தகம். போன வருஷம் சரசு ஆயம்மா ஏணியில் ஏறி எனக்காக எடுத்துக் கொடுத்தார்.'

சுப்ரியா சரசுவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆயம்மாவ மட்டும் மேம்னு மாத்தி எழுதியிருக்கலாமே. மேனேஜ்மென்ட் பாக்கப் போற ஃபைலு."

"அவ அப்படித்தான் எழுதினா மிஸ். போன வருஷம் நான் ஆயம்மாதான்."

சேவ் செய்தாள், ஷேர் செய்தாள். எட்டுப் படிகள் முடிந்ததும் பச்சை டிக் வந்தது. ஏழாவது வரிக்குச் சுப்ரியா டிக் போட்டார். ஜகதாம்பாள் கையெழுத்துப் போட்டு, "திங்கட்கிழமை ஆர்டரை வாங்கிண்டுடு" என்றார். ஃபிராங்க்ளின் கை தட்டினார், அதைப் பார்த்து இரண்டு வகுப்புகளும் தட்டின. வேலை கிடைத்துவிட்டது. ஓய்வு வயது வரைக்கும் கவலையில்லை. அதையும் சரசு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியின் செய்தியைப் போல இருந்தது. பிரின்சிபாலும் ஃபிராங்க்ளினும் கிளம்பிப் போனார்கள். ஐந்தாம் வகுப்பும் போயிற்று.

சுப்ரியா மேஜையில் தன் புத்தகங்களை அடுக்கினார். பீரியடில் பாதிக்கு மேல் போய்விட்டது. எட்டாம் வகுப்பு காத்திருந்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"சரசு, போர்ட கொஞ்சம் தொடச்சி விட்ருங்க. டைம் ஆச்சு."

கை எழுந்தது. சொன்ன உடனே எழுந்தது. இடது மேல் மூலைக்கு ஒரு சாண் தூரத்தில், விரல்கள் விரிந்து, உள்ளங்கை தயாராக. கண்ணும் வழக்கம்போல் முன்னால் போய்ப் பேயைப் பார்த்தது, திமிங்கிலத்தைப் பார்த்தது, ஏணியில் ஏறிய ஆயம்மாவைப் பார்த்தது. ஆயம்மா ஏணியில் ஏறினால் ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது யார்? அல்போன்சா. விழுந்து தொலையாதேடி என்று திட்டிக்கொண்டே பிடித்திருந்தவள். அவள் பேர் எந்த வரியிலும் இல்லை.

சரசுவுக்குக் கோபம் வந்தது. சுப்ரியா மேல், கழுத்திலிருந்த அட்டை மேல், நாற்பத்தைந்து வயது என்று கோடு போட்டவன் மேல், கேட்டருகே ஒரு வார்த்தை திட்டாமல் மூடியைக் கொடுத்துவிட்டுப் போனவள் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்ன உடனே எழுந்து நிற்கும் அந்தக் கை மேல். அதைக் கீழே இறக்கினாள்.

"நீங்களே தொடச்சிக்கங்க மிஸ்" என்றாள். "உள்ளங்கைய வெச்சா போதும்."

சுப்ரியா நிமிர்ந்து பார்த்தார். சரசு விளக்கை அணைக்கவில்லை, மின்விசிறியை நிறுத்தவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மாடிப்படிக்குக் கீழே போனாள். பழைய இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. திங்கட்கிழமைக்குள் சுப்ரியா போய்ப் பிரின்சிபாலிடம் என்ன சொல்வாரோ? பயமாக இருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு, நன்றாக, வாய் உலரும் அளவுக்குப் பயமாக இருந்தது.

போனை எடுத்தாள். அதுவும் அவள் விரலைக் கண்டுகொள்ளவில்லை. விரலை நாக்கில் நனைத்து, அழுத்தி அழுத்தி நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்கள். அந்தப் பக்கம் பேச்சில்லை. பஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்டி" என்றாள் சரசு. "போர்டு தொடைக்கச் சொன்னாங்க. தொடைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

பஸ் கடந்து போயிற்று. ஒரு ஆட்டோ போயிற்று. வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று சரசு போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"யாருகிட்ட?" என்று கேட்டாள் அல்போன்சா.

சரசு வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை, அழுகைதான் வந்தது.